கட்டுச்சோறு தீர்ந்த நாள்

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் நான் முழித்துக்கொண்டு போனதே இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போகிற பயணம் அது. ஜன்னலோரம் இடம் கிடைத்து, தென்னந்தோப்புகள் பின்னால் நழுவத் தொடங்கியதும் கண் சொருகிவிடும். அந்த அரைத்தூக்கத்தில், ஆஸ்பத்திரியில் கேட்ட சொற்களெல்லாம் உருவம் எடுத்து வரும். சிடி4 என்றால் உடம்பைக் காக்கிற அணுக்கள். அந்த எண்ணிக்கை ஏற வேண்டும். வைரல் லோடு என்றால் ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு. அது இறங்க வேண்டும். கனவில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு வாளிகளாகக் கிணற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். செம்பட்டியில் கண்டக்டர் போடும் சத்தத்தில் கயிறு அறுந்து நான் முழிப்பேன்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சண்டையை எப்போதோ போட்டு முடித்துவிட்டோம். ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டதில், எங்கள் ரத்தத்தில் கிருமி கருவிக்கே தட்டுப்படாத அளவுக்குக் குறைந்தது. “போயிருச்சுன்னு நினைக்காத. ஒளிஞ்சு கெடக்கு. மாத்திரைய விட்டா எந்திரிச்சு வரும்” என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் மேடம் எச்சரித்தார். கிருமி அவ்வளவு குறைந்த தைரியத்தில்தான் மகளைப் பெற்றேன்.

ஆறாவது வாரம் அவள் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை அட்டையில் காயவைத்து அனுப்பினார்கள். கிருமியையே நேராகத் தேடுகிற சோதனை அது. இல்லை என்று வந்தது. ஆறாவது மாதமும் இல்லை. ஆனால் ஒன்றரை வயதில்தான் கடைசி முடிவு என்று மேடம் சொன்னது மட்டும் என் மனசில் முள்ளாக நின்றுவிட்டது.

எங்கள் வேதக்காரக் குடும்பத்தில் பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஞானத்தாயாக நிற்கப்போவது என் நாத்தனார். வெள்ளைக் கவுன்கூட எடுத்து வைத்திருந்தார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நிச்சயமாகத் தெரியாமல் அவர் கையில் எப்படிக் கொடுப்பது? நான் சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். “தண்ணி ஊத்துறதுக்கு எதுக்குடி ரிப்போர்ட்டு?” என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

ஒன்பதாவது மாதத்தில் நாத்தனாரே கோயிலில் நாள் குறித்துவிட்டார். அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால், யாருக்கும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு தனியார் லேப்புக்குப் போனேன். எச்.ஐ.வி. டெஸ்ட் என்று மட்டும் கேட்டேன். அரைகுறை அறிவு ஆளைக் கொல்லும். ‘ரியாக்டிவ்’, அதாவது இருக்கிறது என்று தாள் வந்தது.

வெளியே வந்தால் வெயிலில் மலைக்கோட்டை தரையைவிட்டு எழும்பி மிதந்துகொண்டிருந்தது. பிரியாணி மணம் வந்தது. என் மகள் என் தாலிச்சங்கிலியைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். பெற்ற நானே இவளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

“மதினி, பிள்ளைக்குக் காய்ச்சலடிக்குது. ஞாயித்துக்கிழமை வேணாம்.”

“ஏத்தா, நீ சாமிக்கே தவணை சொல்றியா?” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தத் தாளை மேடத்திடம் நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். “எம்புட்டுத் தடவை சொன்னேன்! இந்த டெஸ்டு கிருமியத் தேடாது. கிருமிய எதுத்து உடம்பு செய்யிற ஆன்டிபாடியத்தான் தேடும். அது உன்னோடது. வயித்துல இருக்கையில நீ கட்டிக் குடுத்துவிட்ட கட்டுச்சோறு. ஒன்றரை வயசுக்குள்ள அதுவே தீந்துபோகும்.” மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “கட்டிக்குடுத்த சோறும் சொல்லிக்குடுத்த சொல்லும் எத்தனை நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க? சொல்லிக்குடுத்தது உனக்கு மூணே மாசத்துல தீந்துபோச்சு.”

மறுபடி அட்டையில் ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்றே வந்தது. நம்பினேன், ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. என் பிடிவாதம் அப்படி. அதன் பிறகு பஸ் தூக்கத்தில் வாளிகள் வரவில்லை. என் மகள் தோளில் ஒரு சோற்று மூட்டையோடு செம்மண் தடத்தில் போய்க்கொண்டிருப்பாள். நின்று நின்று ஒரு பருக்கை எடுத்துத் தின்பாள். சீக்கிரம் தின்னு தாயீ என்று நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடப்பேன். அவள் திரும்பியே பார்க்க மாட்டாள்.

மாத்திரையை விடாமல் போட்டால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்; ஒரு வயதில் பால் மறக்கடித்தேன். ஒன்றரை வயதில் கடைசி டெஸ்ட். மேடம் தாளைப் பார்த்துவிட்டு, “கட்டுச்சோறு காலி” என்றார். அவர் மேசையில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் விஷம் என்று நினைத்து நான் தூற்றிய அது, அவளைக் காக்கிறதாக எண்ணி என் உடம்பு கட்டிக்கொடுத்தது என்று அப்போதுதான் உறைத்தது. என் உடம்பை நான் திட்டாமலிருந்த முதல் நாள் அது.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனோம். பழைய கவுன் தலையிலேயே சிக்கிக்கொண்டதால் நாத்தனார் என்னை முறைத்துவிட்டுப் புதுசு எடுத்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது, “வா தாயீ, அத்தை தூக்கிக்கிறேன்” என்று குனிந்தார். என் மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு வெறுங்கையையும் வீசிக்கொண்டு, எனக்கு முன்னால் அவளே நடந்து போனாள்.