திரும்பப் பெற முடியாத ஏலம்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு செருப்புக் கடையில், ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழைய செருப்புமாக நின்றுகொண்டிருந்தேன். கப்பலில் நடக்க வழுக்காத செருப்பு வேண்டுமாம். என் கணவர் ரவி யூடியூப் பார்த்துக் கண்டுபிடித்த உண்மை.

அந்த நேரம் பார்த்து என் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கப்பல் கம்பெனியின் மின்னஞ்சல். 'வாழ்த்துகள், நீங்கள் கேட்ட தொகை ஏற்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே அக்கா ஒரே வரி தட்டியிருந்தாள் - 'எனக்கு பால்கனி ரூம் கிடைச்சிருச்சு.'

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சந்தோஷமான செய்திதானே, இதில் என்ன பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அக்கா சரோஜா கிள்ளானில் இருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன வருடம் திடீரென்று தவறிவிட்டார். ஒரே மகன் தினேஷ், மெல்போர்னில் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்து அவன் திரும்பிப் போன அன்று, ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மாவைத் தனியா விட்டுறாதீங்க" என்றான்.

விடுவோமா? நாங்கள் பெரிய குடும்பம். முறை போட்டுக்கொண்டோம். வார நாள்களில் ஒன்றுவிட்ட தங்கை மகள் அக்கா வீட்டிலேயே தங்கி அங்கிருந்து வேலைக்குப் போவாள். சனி, ஞாயிறு நான். காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி இட்லியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். போதாதென்று தினேஷ் ஹாலில் ஒரு கேமரா மாட்டிவிட்டான். அக்கா வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் சோபாவில் படுத்துவிட்டால் போதும் - மெல்போர்னிலிருந்து போன் வந்துவிடும்.

இப்படி எல்லாரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டும் அக்கா தேறவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தேன். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். ஜன்னல் இல்லாத உள்அறைகள் இரண்டு. ஒன்று எனக்கும் ரவிக்கும், மற்றது அக்காவுக்கு. சுபாங் ஜெயாவில் இருக்கும் டிராவல் ஏஜென்சியில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று - பக்கத்துப் பக்கத்து அறையாக இருக்க வேண்டும். அக்கா சுவரைத் தட்டினால் எனக்குக் கேட்க வேண்டும். அப்படியே போட்டுக்கொடுத்தார்கள்.

பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது.

கப்பலில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல அறைகள் விற்காமல் மிஞ்சினால் கப்பல் கம்பெனி ஒரு சின்ன ஏலம் விடுகிறது. 'பால்கனி அறைக்கு மாறிக்கொள்ள எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்? நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கிறது. பெட்ரோல் மீட்டர் மாதிரி ஒரு முள். நாம் தொகையை ஏற்ற ஏற்ற முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். பார்க்க விளையாட்டுதான். விதிகள் விளையாட்டில்லை. சொல்லும் தொகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தனியாகப் போனாலும் இரண்டு தலைக்குக் கட்ட வேண்டும். எந்தத் தளம், எந்த மூலை என்று நாம் கேட்க முடியாது. அவர்கள் ஏற்கும்வரை மனம் மாறலாம். ஏற்றுவிட்டார்களா... கார்டிலிருந்து பணம் போய்விடும். திரும்பப் பெற முடியாது. பழைய அறையும் கிடைக்காது.

எங்களுக்கும் அதே மின்னஞ்சல் வந்தது. ரவிக்கு ஆசை. நான்தான் அக்காவின் பக்கத்து அறை போய்விடும் என்று டெலிட் செய்தேன். அக்காவுக்கும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

தெருவோரம் நின்றபடி டிராவல் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமைசாலி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆன்டி, அவங்க ஏத்துக்கிட்டா கான்ஃபர்ம் லா. நாங்க ஒன்னும் பண்ண முடியாது" என்றாள். புது அறை எங்களுக்கு ஐந்து தளம் மேலே, கப்பலின் மறுகோடியில் இருப்பதையும் அவளே பார்த்துச் சொன்னாள். சுவரைத் தட்டினால் அல்ல, தாரை தப்பட்டை அடித்தால்கூட எனக்குக் கேட்காது.

ரவி காரை எடுத்தார். நேரே கிள்ளான்.

வழியெல்லாம் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டு போனேன். பாவம், ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தெரியாமல் அழுத்தியிருப்பாள். துக்கத்தில் இருப்பவளிடம் இப்படியா ஏமாற்றுவது? கம்பெனிக்கு எழுத வேண்டிய புகாரின் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் அக்கா சமையலறையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகச் சமையலறைப் பக்கமே போகாதவள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அறை எங்கேயோ இருக்கிறது, ராத்திரி தலைசுற்றினால் யார் வருவார்கள், தினேஷுக்கு நான் என்ன பதில் சொல்வேன், தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்ததைக் கவனிக்கவில்லையா?

துருவலை ஒதுக்கி வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"எல்லாம் படிச்சிட்டுத்தான் போட்டேன், மாலா."

"படிச்சுமா? ஏத்துக்கிட்டா மாத்த முடியாதுன்னு போட்டிருக்கே அக்கா."

"அதைப் பார்த்துதான் போட்டேன். மாத்த முடியும்னா நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை மாத்த வச்சிருப்பீங்க."



அக்கா கோபமாகச் சொல்லவில்லை. ஆபீசில் ஒரு விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். ஹாலில் இருந்த ரவிக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவரு போனதுலேருந்து நான் ஒரு நாள்கூட தனியா இல்ல. அழணும்னா பாத்ரூமுக்குத்தான் போறேன். அங்கயும் ரொம்ப நேரமாச்சுன்னா கதவைத் தட்டுறீங்க."

கடைசியாகத் தட்டியது நான்தான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. 'அக்கா, ஓகேவா?' என்று கேட்டேன். 'ஓகே' என்றாள். நல்ல தங்கை என்ற திருப்தியோடு போய் டிவி பார்த்தேன்.

தினேஷிடம் அன்று அக்காவே பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

கப்பல் ஏறினோம். லிஃப்ட் வாசலில் அக்கா தன் சின்னப் பெட்டியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். ரவி தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். மாலை டின்னருக்கு வந்து எங்களோடு சாப்பிட்டாள். காலைப் பசியாறலுக்கும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அறைக்கு யாரும் போன் செய்ய வேண்டாம் என்பது மட்டும் கட்டளை.

மறுநாள் காலை. மேசையில் ரவியும் நானும். ரோட்டி ஆறிப்போனது. பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்கள் எழுந்து போய், அடுத்த குடும்பமும் வந்து உட்கார்ந்துவிட்டது. அக்கா வரவில்லை.

"தூங்கட்டும் விடு" என்றார் ரவி. அவருக்கென்ன... ஏர்போர்ட்டில் கையைப் பிடித்து ஒப்படைக்கப்பட்டது என்னிடம் அல்லவா? கொஞ்ச நேரம் பொறுத்தேன். முடியவில்லை. எழுந்துவிட்டேன். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறியது. கப்பலின் தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்பது இப்படி நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே மாதிரி கதவுகள். ஒரே மாதிரி கம்பளம். என் கால்கள் நடந்தன, மனம் முன்னாலேயே ஓடிப்போய் என்னென்னவோ பார்த்துவிட்டது.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினேன்.

திறந்தது.

அக்காவின் முடி கலைந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. இரவெல்லாம் அழுதிருக்கிறாள், பார்த்தாலே தெரிந்தது. அதோடு ஒரு வருடமாக நான் அவள் முகத்தில் பார்க்காத ஒன்றும் இருந்தது - நன்றாகத் தூங்கி எழுந்த களை.

"மணி என்னடி?" என்றாள். சொன்னேன். "அவ்ளோ நேரமா தூங்கிட்டேன்?" என்று அவளுக்கே ஆச்சரியம்.

உள்ளே வா என்று கை காட்டினாள். பால்கனியில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். மற்றதில் நான் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"உக்காரு. ஆனா ஒன்னும் கேட்காதே."

உட்கார்ந்தேன். கடல் நீலமாக இல்லை. பச்சையும் இல்லை. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். இருந்தேன். பிறகு அக்காவே பேச ஆரம்பித்தாள். அத்தானைப் பற்றி. எங்களுக்கெல்லாம் தெரியாத அத்தான். கல்யாணமான புதிதில் சண்டை போட்டுக்கொண்டு கோபத்தில் பஸ் ஏறி பங்சார் வரை போய், கையில் கறிபஃப் பொட்டலத்தோடு திரும்பி வந்த அத்தான். சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் டிஷ்யூவை நீட்டவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

அந்த ஒரு வருடம் நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டோம், சந்தேகமில்லை. சாப்பாடு, மாத்திரை, துணை எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் துக்கம் என்பது அவள் அறை. அதற்குள் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அவள் எங்கே உட்காருவாள்?

ஒரு அறைக்கு அவ்வளவு பணம் அதிகம்தானே என்று திரும்பி வந்த பிறகும் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பால்கனிக்கு விலை போட்டுப் பார்த்தால் அதிகம்தான். அக்கா ஏலம் கேட்டது பால்கனியை அல்ல. உள்ளே இருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவை. ஒப்புக்கொண்டால் பின்வாங்க முடியாது என்ற விதியைப் பார்த்து நம்மில் பாதிப் பேர் பயந்து ஓடுகிறோம். அக்கா அந்த விதியையே தனக்குத் துணையாக வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய வாரமே ஒன்றுவிட்ட தங்கை மகளை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், ஒரு புதுப் புடவையோடு. இப்போது கிள்ளானுக்குப் போவதென்றால் முதலில் போன் செய்து கேட்கிறேன். சில சனிக்கிழமைகளில் 'வாடி' என்கிறாள். சில சனிக்கிழமைகளில் 'இன்னிக்கு வேணாம் லா' என்கிறாள்.

வேண்டாம் என்று அவள் சொல்கிற நாள்களில்தான் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எனக்குத் தைரியம் வருகிறது!