கடிதத்தில் இல்லாத வசனம்

எங்கள் இல்ஃபோர்ட் வீட்டில் ஆங்கிலத்தில் வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்லும் உத்தியோகம் பதினொரு வயதில் எனக்குக் கிடைத்தது. சம்பளம் இல்லை, மரியாதை உண்டு. மண்ணிற உறை வந்தால் அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். அகதி விண்ணப்பக் காலத்தில் பழகிய பயம். விசா கிடைத்த பிறகும் அவர் உட்காரவில்லை. அரசாங்கம் எழுதிவிட்டால் அதற்கு மறுபேச்சில்லை என்பது அவருடைய கட்சி.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். பல்கலைக்கழகக் கடனோடு படித்து முடித்து, அந்த வருடம்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். என் வீட்டுப்பாடக் கணக்குகளையும் அவளே செய்வாள். என் ஆசிரியைக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று பத்தில் இரண்டைப் பிழையாக விடுவாள். என்னுடைய கணித மேதைமை முழுவதும் இரவல்.

மார்கழியில் அவளுக்கு ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். படம் வந்தபோது, "முயற்சி தெரியுது" என்றாள். தேறாத பிள்ளைகளின் கொப்பிகளிலும் அவள் சிவப்பு மையால் அதைத்தான் எழுதுவாள். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டா. மண்டபம் பார்த்தாயிற்று. பெட்டி வாங்கியாயிற்று. என் பின்னக்கணக்குகளை இனி யார் செய்வார்கள் என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அப்போதுதான் சித்தியின் பெயருக்கு ஒரு மண்ணிற உறை வந்தது. அவள் வேலையில் இருந்தாள். அப்பா எழுந்து நின்றார், நான் வாசித்தேன்.

தை மாதம் நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று தொடங்கியது. அதில் சுவாரசியம் இல்லையென்று தாண்டினேன். கணக்குப் படிப்பிக்க ஆள் போதாதாம். புதிய ஆசிரியர்கள் தொடர்ந்து படிப்பித்தால், வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்காக அவர்களுடைய கடனை அரசாங்கமே தீர்க்குமாம். இடையில் விட்டால் மிச்சம் அவர்கள் தலையில்.

"அது பறவாயில்லை, மிச்சத்தை மாப்பிள்ளை கட்டுவார்" என்றார் அப்பா. "வேறை ஏதும் போட்டிருக்கோ?"

போட்டிருக்கவில்லை. "பத்து வருசத்துக்கு நாட்டை விட்டுப் போய் இருக்கக் கூடாதாம்" என்றேன்.

அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

நாலரை மணிக்குச் சித்தி வந்தாள். பையை இறக்கமுன் அப்பா கடிதத்தை நீட்டினார். "பத்து வருசம் போக ஏலாதாம். மெய்யே, பிள்ளை?"

சித்தி வாசித்தாள். அரைப்பக்கக் கடிதத்தை அவ்வளவு நேரம் ஒரு கணக்கு ஆசிரியை வாசிக்கத் தேவையில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஓம் அத்தான். இவள் சரியாத்தான் வாசிச்சிருக்கிறாள். கவுண்மேந்து சொன்னாப் பிறகு நாங்கள் என்ன செய்ய ஏலும்?"

அப்பா கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளையின் தாய் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "பத்து வருசமோ! பெடியனுக்கு இப்பவே முன்மண்டை வெளிச்சிட்டுது!"

அத்தோடு முடிந்தது. அம்மா இரண்டு நாள் அழுதா. நான் சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று முடிவுசெய்து, பரிகாரமாக அவளுடைய தேநீர்க் கோப்பையை ஒரு கிழமை கழுவினேன். அவளோ அன்று பின்னேரம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு என் பத்துக் கணக்கையும் சரியாகச் செய்துவிட்டாள். அந்த இரண்டு பிழைகளை மறந்தேபோனாள். மறுநாள் ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தா.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் சித்தி பொய் சொன்னாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சித்திரையில் கனடா போகவிருந்தவள், தை மாதத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் பத்து வருடத் திட்டமொன்றுக்கு ஏன் விண்ணப்பித்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது முதல் வசனத்திலேயே இருந்தது. நான்தான் தாண்டிவிட்டேன்.