மூன்று முறை விழுந்த ஆட்டோஜைரோ

என் ஆட்டோஜைரோவைக் கெடுத்தது சித்தப்பாதான். கை தவறிக் கெடுக்கவில்லை. மூன்று முறை, வேண்டுமென்றே, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்துக் கெடுத்தார். பழி அம்மா மேல் விழுந்தது. அது விழுந்தபோது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே நானும் அம்மாவும். மாடி அறையில் சித்தப்பா. அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அம்மாவுக்குச் சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி வண்டி அவளைக் கொண்டுவந்து விடும்போது இருட்டியிருக்கும். நான் பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, மூடி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பேன். நாலு பக்கத்து வீட்டு டிவியும் கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் பேச ஆள் இருக்காது.

அப்பா பிரான்சில் இருந்தார். போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. விசா பேப்பர் வந்ததும் எங்களையும் கூட்டிக்கொண்டு போவார் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பேப்பருக்குக் காத்திருந்த வீடுகள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. அதனால் யாரும் எங்களை அதிகம் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் அப்பா சித்தப்பாவின் போனில் கூப்பிடுவார். சில ஞாயிறு கூப்பிடுவார், சில ஞாயிறு கூப்பிட மாட்டார். கூப்பிடாத ஞாயிறு நான் மதியம் சாப்பிட மாட்டேன்.

அப்படி ஒரு ஞாயிறுதான் சித்தப்பா பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். அப்பா விட்டுவிட்டுப் போன பெட்டி. ஒரு ரிமோட், ஒரு சின்ன மோட்டார், பால்சா என்னும் லேசான மரப் பலகைகள், பிரெஞ்சில் அச்சடித்த ஒரு வரைபடம், பாதியில் நின்றுபோன ஒரு ஆட்டோஜைரோ உடல்.

"இத முடிச்சுப் பறக்கவுடு பாப்பா. மறுநாளே உங்கப்பா பிளைட் ஏறி வந்துடுவாரு" என்றார்.

என் அழுகையை நிறுத்தச் சொன்ன வார்த்தை அது. நிறுத்தியது. ஆனால் நான் அதை அப்படியே நம்பினேன். அவர் சொன்னதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

ஆட்டோஜைரோ என்றால் பலருக்குத் தெரியாது. பார்வைக்கு ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும். ஆனால் மேலே சுற்றும் பெரிய இறக்கைகளுக்கு மோட்டார் கிடையாது. மூக்கில் இருக்கும் சின்ன விசிறி அதை முன்னால் இழுக்கும். முன்னால் போகப் போக எதிர்க்காற்று பட்டு மேல் இறக்கைகள் தாமாகச் சுற்றும். அந்தச் சுற்றுதான் அதைத் தூக்கும். காற்று இல்லையென்றால் அது ஒன்றுமே இல்லை.

எட்டு மாதம் கட்டினேன். பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து வரைபடத்தை அகராதியோடு படித்தேன். பால்சாவைச் சீவினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், மூன்று இறக்கைகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. சித்தப்பாவே சென்னையிலிருந்து புதிது வாங்கிவந்து கொடுத்தார். நான் முடிக்கமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்விசிறியைப் பார்த்துப் பழகிய எவரும் இறக்கையின் முன்விளிம்பைத் தூக்கித்தான் வைப்பார்கள். இதில் நேர்மாறு. பின்விளிம்புக்கு அடியில் மெல்லிய மரச்சில்லு ஒன்றை ஒட்டி, முன்விளிம்பைத் துளி இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் வேகம் பிடிக்காது. எனக்கு அது புரியவே ஒரு மாதம் ஆனது. புரிந்த அன்று சாயங்காலம் மொட்டை மாடியில், கடற்காற்றுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தேன். விரலால் லேசாகத் தட்டிவிட்டேன். சுற்ற ஆரம்பித்தது. வேகம் பிடித்தது. இறக்கைகள் மறைந்து ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது, ஒரு முனகல் வந்தது. கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். காட்ட ஆள் இல்லை. பிறகு சித்தப்பா வேலையிலிருந்து வந்தார். மாடிப்படியில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "எப்ப பறக்கவுடப் போற?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை என்றேன். "மறுநா அப்பா வருவாருல்ல சித்தப்பா?" என்றும் கேட்டேன். அவர் அறைக்குள் போய்விட்டார்.

கடற்கரையில் கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளம் ஒன்று இருந்தது. மணலில் சக்கரம் ஓடாது என்பதால் அங்கேதான் கொண்டுபோனேன். காற்று நன்றாக அடித்தது. இறக்கையைத் தட்டினேன். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி தட்டினேன். நின்றது. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னா பாப்பா, கருவாட்டுக்கு ஃபேன் போட வந்தியா?"

ஆத்திரத்தில் மோட்டாரை முழு வேகத்தில் விட்டேன். தளத்தின் ஓரம்வரை ஓடிக் கவிழ்ந்தது. ஒரு இறக்கை உடைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மரச்சில்லுகள் மூன்றும் முன்விளிம்புக்கு அடியில் இருந்தன. நான்தான் மாற்றி ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பதினோரு வயதில் தப்பு என்றால் நம்முடையது என்றுதான் தோன்றும்.

இரண்டாம் முறை உடைந்த இறக்கையை மாற்றி, சில்லுகளைச் சரிபார்த்துக் கொண்டுபோனேன். அப்படியும் இறக்கை இழுத்து இழுத்துச் சுற்றியது. திரும்பும் வழியில் மோட்டார் காயில் கட்டும் பாய் கடையில் நின்றேன். பாய் அதிகம் பேசமாட்டார். இறக்கைகள் சுற்றும் பேரிங்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்தார்.

"இது தானா சிக்கல மா. பசை ஊத்திருக்காங்க" என்றார்.

"யாரு பாய்?"

"அது உங்க வூட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, புது பேரிங் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

நான் நம்பவில்லை. எங்கிருந்தோ பசை ஒழுகியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மூன்றாம் முறை இறக்கைகள் அருமையாகச் சுற்றின. ஒரு ஆள் உயரம் எழுந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. நான் வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்து கருவாட்டின் மேல் விழுந்தது. மூன்று இறக்கைகளும் போயின, நடுத்தண்டும் முறிந்தது. ரிமோட்டின் பின்னால், திசையைத் தலைகீழாக்கும் சின்ன பொத்தானை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அது தானாக மாறாது. நகத்தால் நெம்பித்தான் மாற்ற வேண்டும்.

என்னைத் தவிர வீட்டில் இருந்தது இரண்டு பேர். அதில் அம்மாவுக்குத்தான் அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. பெருக்கும்போது அதைக் காலால் ஒதுக்குவாள். அன்று வேலையிலிருந்து வந்து அவள் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரில் சித்தப்பா. நான் உடைந்த தண்டை அவள் முன் போட்டேன்.

"நீதான பண்ண? அப்பா வரக்கூடாதுன்னுதான பண்ண?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான்தான்னே வச்சுக்கோ" என்றாள் அம்மா. "சாப்புடு."

அன்றிலிருந்து ஐந்து மாதம் நான் அம்மாவிடம் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான். பகலெல்லாம் பேச ஆளில்லாத வீட்டில், இருந்த ஒரு ஆளையும் நானே விலக்கி வைத்தேன். அவள் என் தலையில் எண்ணெய் வைக்க வந்தால் நகர்ந்து உட்காருவேன். சித்தப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுபடி கட்டினேன். இந்த முறை வீட்டில் வைக்கவில்லை. பாய் கடையில், காயில் சுருள்களுக்கு மேலே ஒரு பலகையில் வைத்தேன். ரிமோட்டையும் அங்கேயே வைத்தேன். யார் கேட்டாலும் தரக்கூடாது என்று பாயிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கடையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனேன். திசைகளை மூன்று முறை ஆட்டிப் பார்த்தேன். இறக்கையைத் தட்டினேன். முனகல் வந்தது. விட்டேன்.

எழுந்தது. தளத்தைத் தாண்டி, படகுகளைத் தாண்டி எழுந்தது. கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி, "ஏய், ஏறிடுச்சுடி" என்றாள். மற்றபடி அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அது பறந்ததைவிட அதுதான் எனக்கு இன்று வரை நன்றாக நினைவிருக்கிறது.

யார் போய்ச் சொன்னார்களோ, சித்தப்பா மணலில் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"இறக்கு பாப்பா. போதும், இறக்கு."

கடலுக்குள் போய்விடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். பேட்டரி தீரும்வரை இறக்கவில்லை. மோட்டார் நின்றதும் அது விழவில்லை. இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்க, மெதுவாக வந்து மணலில் உட்கார்ந்தது. நான் சித்தப்பாவிடம் கையை நீட்டினேன்.

"போன குடு சித்தப்பா. அப்பாகிட்ட சொல்லணும்."

தரவில்லை. சார்ஜ் இல்லை என்றார். நான் பாய் கடைக்கு ஓடினேன். பாய் தன் போனைக் கொடுத்தார். அப்பா நம்பர் எனக்கு மனப்பாடம். நாங்களாக அந்த நம்பருக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர்தான் கூப்பிடுவார்.

ஒரு சின்னப் பையன் எடுத்தான். மழலை மாறாத குரல். பிரெஞ்சில் பேசினான். பப்பா கடைக்குப் போயிருக்கிறார், நீங்கள் யார் என்று கேட்டான். தப்பான நம்பர் போட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று நானும் பிரெஞ்சில் சொன்னேன். உச்சரிப்புச் சரியாக வந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சந்தோஷத்தில் அம்மாவோடு பேசினேன். ஐந்து மாதம் கழித்து நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னேன். யாரோ ஒரு வாண்டு எடுத்தான் மா, நான் அவங்கப்பாவத்தான் கேக்குறேன்னு நெனச்சுக்கிட்டான். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சித்தப்பா பாதியில் எழுந்து கை கழுவப் போனார். அவர் தட்டில் விட்டுப்போன வறுத்த மீனையும் நானே எடுத்துத் தின்றேன்.

மறுநாள் பூசைக்குப் போகவில்லை. மறுநாளே பிளைட் ஏறிவிடுவார் என்றுதானே பேச்சு. வாசலில் நின்றேன். திங்கள், செவ்வாயும் பள்ளி விட்டு வந்து நின்றேன். அம்மா உள்ளே கூப்பிடவில்லை. ஒருநாள் அவளும் வந்து என் பக்கத்தில் சும்மா நின்றாள்.

நான் போட்ட நம்பர் சரியான நம்பர்தான், அந்தப் பையன் பப்பா என்று சொன்னது என் அப்பாவைத்தான் என்பது எனக்குப் புரிய ஐந்து வருஷம் ஆனது. பசை ஊற்றியது யார் என்பது தெரிய அதற்கு மேலும் பத்து வருஷம் ஆனது. போன வருஷம்தான் அம்மா சொன்னாள். இப்போதும் நான் ஆட்டோஜைரோ கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேதராப்பட்டுப் பக்கம் பொட்டலில் தனியாகப் பறக்கவிடுகிறேன். ஒருநாள் பேரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்.

"அன்னிக்கு அது நான் இல்லடி. உங்க சித்தப்பா."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா, அவரு ஏன் பண்ணாருன்னு கேப்ப."

ஆகவே சித்தப்பா, உங்களைக் கேட்கிறேன். உங்கள் புது வீட்டை அடுத்த மாதம் மந்திரிக்கிறீர்கள். எல்லா உறவையும் அழைத்திருக்கிறீர்கள். நான் வருவேன். அம்மாவையும் கூட்டிவருவேன். அதற்குள் தனியாகப் போன் போட வேண்டாம், நான் எடுக்கமாட்டேன். சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும், யாரும் சாப்பிட உட்காரும் முன், எல்லாரும் கேட்க அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள், அதைக் கெடுத்தது அண்ணி இல்லை, நான்தான் என்று. அதன்பின் எனக்கும் பதில் சொல்லுங்கள். உங்கப்பா வரமாட்டார் என்ற இரண்டு வார்த்தையை ஒரு பிள்ளையிடம் சொல்வதைவிட, அது கட்டியதை மூன்று முறை விழவைப்பது உங்களுக்கு எப்படிச் சுலபமாக இருந்தது?