குளிரறையில் மல்லிகை

கோவையின் சித்திரை வெயிலிலும் அந்த ஆய்வு மாணவி கம்பளிச் சட்டை அணிந்திருப்பார். குளிரறைக்குள் நாள் முழுதும் சென்றுவருபவர், வெளியே வந்தபின் அதைக் கழற்ற மறந்துவிடுவார். தொண்ணூறுகளில் நான் தமிழ் பயிற்றிய கல்லூரியில், உதகையின் உறைபனி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளை அவர் வளர்த்துவந்தார். தம் கட்டுரைக்குத் தமிழ்ச் சொல் கேட்டு என்னிடம் வருவதுண்டு.

"குளிருல புரதம் சரியா மடியறதுக்கு ரொம்ப நேரமாகுதுங்கய்யா. அதை வெரசா மடிச்சுவிட இதுககிட்ட ஒரு நொதி இருக்குதுங்க. அதனாலதான் பனியிலயும் பொழைக்குதுங்க."

'மடிப்பு நொதி' என்றேன். அகமகிழ்ந்தார்.

ஒருநாள் நான் அவருடைய ஆய்வகத்துக்குச் சென்றபோது அவருடைய குடுவைகளெல்லாம் வெயில் விழும் மேசைமேல் கிடந்தன. குளிரறை நிறையத் துறைத்தலைவர் மகளின் திருமணத்துக்கான மல்லிகைக் கூடைகள்!

"அட, ஒரு நாள் வெளிய இருந்தா என்னாயிரும் அம்மணி? அந்தக் குளிரையே தாங்குற கிருமி இந்த வெயிலத் தாங்காதா?" என்று சிரித்தார் தலைவர். உயிரியல் கற்பிப்பவர் வாயில் வரத்தக்க சொல்லா அது!

"குளிருக்குன்னே ஆனதுங்க சார். உங்க பூ வாடக்கூடாதுன்னு என்ர வேலையையே கொன்னுபோட்டீங்க. இனி மறுபடி மண்ணெடுக்க மார்கழிப் பனி விழோணும்ங்க," என்றார் மாணவி. குரல் உயரவில்லை.

திருமணத்தில் மல்லிகை சற்றும் வாடவில்லை என்று பலரும் மெச்சினர். நான் உண்ணாமலே எழுந்துவந்தேன்.

மறுநாள் அவர் கம்பளிச் சட்டையின்றிக் கல்லூரிக்கு வந்தார். அக்காட்சியை இன்றும் என்னால் பொறுக்க இயலவில்லை.