தளம் போட்ட வீட்டில் ஒரு தொட்டில்

போன வாரம் உப்பூர் பக்கம் சரோஜா மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் செல்விக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில் இருக்கிறாள் என்று சேதி. கையில் கிலுகிலுப்பை வேறு!

போய்ப் பார்த்தால்... வெறும் தொட்டில்தான் தொங்குகிறது.

"நேத்துத்தான் தம்பி, மாப்பிள்ள வீட்டுல வந்து கூட்டிட்டுப் போனாக. புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரே அழுக. மூணு மாசம் எங்கூட இருப்பான்னு நெனச்சேன்..." மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே கால் வைத்தேன். அம்மாடி! சித்திரை வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் தலைக்கு மேலே அனலைக் கக்குகிறது. ஃபேன் அந்த அனலையே சுற்றிச் சுற்றி வீசுகிறது — அதுவும் கரன்ட் இருந்தால்! ஊரே வாசலில் பாய் விரித்துப் படுக்கும். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் வெளியே படுக்க விடுவோமா? காத்து, கருப்பு என்று உள்ளேதான் அடைப்போம்.

முன்பு இங்கே மண்சுவர் வீடு இருந்தது. சொந்தப் புஞ்சை மண், கூரை தாங்கச் சொந்தப் பனையில் அறுத்த கைமரம், மேலே ஓலை. ஒரு மூட்டை சிமென்ட் கிடையாது. மத்தியானத்திலும் குளுகுளுவென்றிருக்கும். இப்போது பட்டணத்தில் ஏ.சி. ஹால் பிடித்து, 'கார்பன் குறைந்த வீடு' என்று கருத்தரங்கு நடத்துகிறார்களே... அதேதான்!

அதை மதினி ஏன் இடித்தார்? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தளம் போட்டுட்டுச் சொல்லி விடுங்க" என்று எழுந்துவிட்டார். அண்ணன் இறந்து, தனியாக நின்ற மதினி மிளகாய்க் காட்டை விற்றுத் தளம் போட்டார். கல்யாணம் நடந்தது. பழைய கைமரமும் ஓலையும் ஆட்டுக் கொட்டகைக்குப் போயின.

"கொட்டகையில தொட்டிலக் கட்டுவமான்னு கேட்டேன் தம்பி. சம்பந்தியம்மாவுக்கு மொகம் சுண்டிப்போச்சு. 'எங்க வீடு பழைய ஓட்டு வீடுதான, குளுமையா இருக்கும், நாங்களே கூட்டிட்டுப் போறோம்'னு கெளம்பிட்டாக."

ஓட்டு வீடா! தளம் கேட்டவர் குடியிருப்பதே ஓட்டு வீட்டிலா!

"அன்னைக்கே இதக் கேட்டிருக்கலாம்ல மதினி?"

"பொண்ணப் பெத்தவ கேக்க முடியுமா தம்பி?"

கிலுகிலுப்பையைத் தொட்டிலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். கொட்டகை நிழலில் ஆட்டுக்குட்டிகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன.

மகளுக்காகக் கட்டிய வீடு... மகளைத்தான் இருக்கவிடவில்லை.