முப்பத்தொரு பேருக்குத் தெரிந்த கடவுச்சொல்

ஸுல்பிகாவுக்கு ஆறு பேருடைய அடையாள அட்டை இலக்கங்கள் மனப்பாடம். வாப்பாவுடையது, உம்மாவுடையது, கூடப்பிறந்த இரண்டு காக்காமாருடையது, ராத்தாவுடையது, தன்னுடையது. ஒவ்வொன்றும் ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில 'வீ'. யுத்த காலத்தில் கல்முனையில் வளர்ந்த ஒருத்திக்கு இது பெரிய கெட்டித்தனம் இல்லை. மட்டக்களப்புக்குப் போனாலும் அம்பாறைக்குப் போனாலும் வழியில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறிப்பார்கள், எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், அட்டையைப் பார்ப்பார்கள், இலக்கத்தைக் கேட்பார்கள். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்பது வாப்பா அச்சிமுகம்மதுவின் கட்டளை.

சுனாமி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் ஆறு பேரும் தப்பினார்கள். அந்தத் தெருவில் அப்படிச் சொல்லக்கூடிய வீடுகள் குறைவு. வீடு, அலுமாரி, அலுமாரிக்குள் இருந்த அட்டைகள் எல்லாம் கடலோடு போயின. முகாமில் பதிவெடுத்த உத்தியோகத்தர், "அட்டை இல்லாட்டி நான் என்னத்தப் பதியிற?" என்று தலையைச் சொறிந்தார். ஸுல்பிகா ஆறு இலக்கங்களையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க, தங்கச்சி."

ஓர் இலக்கம் பிசகவில்லை. அடுத்த கிழமை ஓர் உதவி நிறுவனத்தின் கணினிக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். நான்கு மாதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் பெயரையும் இலக்கத்தையும் தட்டச்சு செய்து முடித்தாள். அங்கேதான் அவளுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தது. கடவுச்சொல் ஒன்று கேட்டது கணினி. மறக்காத ஒன்றைப் போடு என்றார்கள். செத்தாலும் மறக்காத ஒன்று அவளிடம் இருந்தது.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்த 2010இல் ஸுல்பிகா ஒரு பெண்கள் பாடசாலையின் கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்தாள். இருபது கணினிகள், அவற்றில் பதினாறுக்கு உயிர் இருந்தது. உயர்தர வகுப்பில் முப்பத்தொரு மாணவிகள். அந்த அறையின் சாவி தன் கைப்பையில் கிடக்கும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். கடலோரத்தில் பிறந்தவளுக்குரிய உரத்த குரலும் உரத்த சிரிப்பும் அவளுக்கு. வகுப்பு நடக்கிறதா இல்லையா என்பது கன்டீன்வரை தெரியும்.

அதிபர் அப்துல் ஸமட் கண்டிப்பானவர். பாடசாலை இணையத்தில் பாட்டு, படம், முகநூல், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தடுத்து வைத்திருந்தார். மின்னஞ்சல் பாடம் வந்த ஒரே ஒரு கிழமைக்கு மட்டும் திறந்துவிட்டார். அந்தக் கிழமையில் ஸுல்பிகா முப்பத்தொரு பேருக்கும் முகவரி தொடங்கிக் கொடுத்தாள். கடவுச்சொல்லாக என்ன போடுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"ஐடென்டி நம்பரப் போடுங்க புள்ள. மறக்கவே ஏலா. இப்ப என்டதப் பாருங்க," என்று சொல்லி, உதாரணத்துக்குத் தன் இலக்கத்தைப் பலகையில் பெரிதாக எழுதியும் காட்டினாள்.

இந்த நேரத்தில்தான் கதைக்குள் றஸாக் வருகிறான். அவனுக்குத் தோஹாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று நாள் குறித்தாயிற்று. அதுவரை இரண்டு பேரும் கதைக்கக் கூடாது என்றார் வாப்பா. வீட்டில் இருந்த ஒரே போனும் அவருடைய சட்டைப் பையிலேயே உறங்கியது. ஸுல்பிகாவுக்கோ நிக்காஹுக்கு முன்னால் ஒரு விசயம் தெரிய வேண்டியிருந்தது. 'கலியாணம் முடிச்ச பொண்ணுக்கு என்னத்துக்கு வேலை' என்று மாப்பிள்ளையின் உம்மா யாரிடமோ சொன்ன கதை அவள் காதுக்கு வந்திருந்தது. றஸாக்கும் அப்படித்தான் நினைக்கிறானா? இந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமா? றஸாக்கின் தங்கச்சி ஒரு துண்டுக் கடுதாசியில் அவனுடைய மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தாள். முகவரி கையில் இருந்தது, வழிதான் இல்லை.

வழியைக் கொண்டுவந்தவள் முஸ்பிறா என்ற மாணவி. ஒரு நாள் அவளுடைய திரையில் முகநூல் ஓடுவதை ஸுல்பிகா கண்டாள்.

"என்ன புள்ள இது? எப்பிடித் திறந்த?"

"வீ.பி.என் மிஸ். சாச்சாட மகன் பென்ட்றைவில போட்டுத் தந்த."

"அப்பிடியெண்டா?"

"ஒரு மூடின வேன் எண்டு நினைங்க மிஸ். செக்பொயின்டில நிக்கிறவருக்கு வேன் போறது தெரியும். உள்ளுக்கு ஆர் இரிக்கிற, எங்க போறாங்க எண்டு தெரியா."

"செக்பொயின்டில நிக்கிறது ஆரு?"

"எங்கட அதிபர்தான்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஸுல்பிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு பென்ட்றைவைப் பறித்தாள். பாடசாலை விட்டு எல்லோரும் போன பிறகு அதைத் தன் கணினியில் சொருகினாள். வேலி பயிரை மேயத் தொடங்கியது.

ஐந்து கிழமையில் அவள் ஐந்து கடிதம் எழுதினாள், அவன் ஐந்து கடிதம் எழுதினான். அறையின் வெக்கை, களஞ்சியத்தின் லொறிகள், சுனாமியில் போன வீடு, அவன் கூட்டாளிகளின் சமையல் என்று எல்லாம் வந்தன. 'கீரி மீன் இல்லாத சோறும் கதைக்க ஆள் இல்லாத அறையும் ஒன்றுதான்' என்று அவன் எழுதிய வரியை அவள் நாலு தரம் வாசித்தாள். ஆறாவது கடிதத்தில் துணிந்து கேட்டுவிட்டாள்: கலியாணத்துக்குப் பிறகும் நான் கணினி அறைக்குப் போகலாமா? இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள்.

பதில் வரவில்லை. நாலு நாள் கழிந்தது.

ஐந்தாம் நாள் இடைவேளையில் பிள்ளைகள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்பிறா தன் பார்சலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"கீரி மீன் இல்லாத சோறும் கதைக்க ஆள் இல்லாத அறையும் ஒண்டுதான், புள்ள."

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் நின்ற ஸுல்பிகா உள்ளே வராமல் திரும்பி நடந்தாள். இந்தக் கதை ஊருக்குள் போனால் வாப்பாவின் சீமெந்துக் கடைக்குப் போக அரை மணித்தியாலம் போதும். பிறகு கலியாணமும் இல்லை, சாவியும் இல்லை.

அந்தக் கிழமை கணினிகளுக்குத் தூசி தட்ட காரைதீவிலிருந்து சசிகரன் வந்திருந்தான். உப்புக் காற்று தின்ற கணினிகளைத் திருத்தித் திருத்தியே இளவயதில் பெயர் எடுத்தவன். ஸுல்பிகா பெயர்களை விழுங்கிவிட்டு விசயத்தைச் சொன்னாள்.

"இந்த வீ.பி.என்தான் என்ட கடிதத்தக் காட்டிக் குடுத்திரிக்கும், என்ன?"

"அதிலயும் ஆபத்து இரிக்கி மிஸ். வேன் ஓசியா ஓடுதெண்டா டீசல் ஆர் அடிக்கிற? சில ஓசி வேன்காரன் உள்ள இரிக்கிற ஆக்கள்ற கதையக் கேட்டு, அத வித்துத்தான் டீசல் அடிக்கிறான். எவன் நல்லவன், எவன் கள்ளன் எண்டு எங்களுக்குத் தெரியா."

"பாத்தீங்களா, நான் சொன்னன்!"

"ஆனா அந்த வேன்காரன் இடைவேளைக்கு வந்து உங்கட பிள்ளையளுக்குக் கீரி மீன் கதை சொல்லியிருப்பானா, மிஸ்?"

சசிகரன் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினான்.

"வேன் ரோட்டிலதான் மறைக்கும். வீட்டுக் கதவத் திறந்து போட்டுட்டு மூடின வேனில போய் என்ன பிரயோசனம்? உங்கட பாஸ்வேர்ட்…"

"எட்டு அஞ்சு ஆ…"

"ஐயோ, சொல்லாதீங்க மிஸ்! ஐடென்டி நம்பர்தானே?"

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பிடித் தெரியும்?"

"கல்முனையில இருந்து திருக்கோவில் வரைக்கும் நான் கொம்பியூட்டர் திருத்துறன். பத்துப் பேரில எட்டுப் பேருக்கு இதுதான். எங்கட வீட்டிலயும் இதுதான். கேட்டுக் கேட்டே எங்கட மண்டைக்குள்ள ஏத்திட்டாங்க. ஆனா யோசிச்சிப் பாருங்க, அந்த நம்பர நாங்க எத்தின புத்தகத்தில பதிஞ்சி குடுத்திரிக்கிறம்?"

ஸுல்பிகா யோசித்தாள். முகாமில் தன் விரலாலேயே அடித்த ஆயிரம் குடும்பங்களின் இலக்கங்கள் நினைவுக்கு வந்தன. பிறகு பலகை நினைவுக்கு வந்தது. "அல்லாஹ்வே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவள் பிழையாகச் சொல்லிக் கொடுத்த முப்பத்தொரு பேருடைய கதவும் அல்லவா திறந்து கிடந்தது? மறுநாள் காலை, தன்னுடையதை மாற்றிய கையோடு வகுப்பின் முன்னால் போய் நின்றாள்.

"நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்துட்டன். என்ட கடிதத்த ஆரோ வாசிச்சிரிக்கிறீங்க. ஆரெண்டு நான் கேக்கல்ல."

பிறகு முஸ்பிறா எழும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"சாச்சாட மகன் இன்னொரு பென்ட்றைவ் தந்த மிஸ். நாங்க நாலாவது கடிதத்தோட நிப்பாட்டிட்டம். வெக்கமாப் போச்சி."

"பிறகு?"

"பிறகு ஆறையும் வாசிச்சம்."

"எத்தின பேர்?"

முஸ்பிறா திரும்பி வகுப்பைப் பார்த்தாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. கடைசி வாங்கில் இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "அவர் இன்னும் பதில் போடல்லையா மிஸ்?"

ஸுல்பிகாவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே வேறு கலவரம் தொடங்கியது. மிஸ்ஸின் கதவு திறந்தது போலத் தங்கள் கதவுகளும் திறக்கும் என்பது பிள்ளைகளுக்கு உறைத்துவிட்டது. பரீட்சை விண்ணப்பங்களை ஒன்றாக இருந்து நிரப்பியவர்கள். ஒருத்தியின் இலக்கம் மற்றவளுக்குத் தெரியும். "அப்ப நீயா என்ட மெயில வாசிச்ச?" "நீ மட்டும் என்ன, ஒழுங்கா?" என்று வாங்குக்கு வாங்கு சண்டை.

"சண்டை வேணாம், மாத்துங்க! உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வசனம், நீளமா. இஞ்ச எழுதிறதுமில்ல, ஒராளுக்குச் சொல்றதுமில்ல."

"மிஸ், நான் உம்மாக்குத் தெரியாமக் குடிச்ச ஐஸ்…"

"சொல்லாத புள்ள!"

"மிஸ், அப்ப நான் எங்கட ஆட்டுக்குட்டிட பேர…"

"சொல்லாதீங்க எண்டு சொல்றன்!"

சத்தம் கேட்டு அதிபர் வாசலில் வந்து நின்றார். யாரோ 'வீ.பி.என்' என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தார். முகம் சிவந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பினார்.

"இந்த அறைய நாளைக்கே பூட்டுறன். ஆரு கொண்டு வந்த அத?"

முஸ்பிறாவின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஸுல்பிகா அதைச் சொல்லவில்லை.

"நானும் பாவிச்சன் சேர். கடிதம் எழுத."

"ஆருக்கு?"

"தோஹாவுக்கு, சேர்," என்றாள் அவள். அதிபருக்கும் வாப்பாவுக்கும் ஒரே பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

"வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியா சேர். நிக்காஹுக்கு முன்னுக்கு ஒரு விசயம் கேக்க இருந்திச்சி. வேற வழியில்ல." பிறகு, எப்படியும் போகப்போகிற சாவிதானே என்று, அடையாள அட்டை இலக்கத்தின் கதை முழுவதையும் சொன்னாள். பலகையில் எழுதியதையும், மூடின வேன் கதையையும் சொன்னாள்.

அதிபர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"ஸுல்பிகா, பேங்க் கார்டுக்கு அதில முதல் நாலு இலக்கத்தப் போட்டா… அதுவும் பிழையா?"

"பிழைதான் சேர்."

"ஈமெயிலுக்கு முழுசாப் போட்டா?"

"சேர், இஞ்ச இருங்க. நான் அங்கால திரும்பி நிக்கிறன்."

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழும்பும்போது அவருடைய கண்டிப்பும் திரும்பி வந்துவிட்டது.

"அந்தக் கள்ள வேன் ஒரு கொம்பியூட்டரிலயும் இரிக்கப்படாது. மெயில மட்டும் பாடசாலை விட்டதும் ஒரு மணித்தியாலம் திறக்கிறன். நீ பொறுப்பு."

"வாப்பாட்ட…"

"உன்ட கடிதத்தில எனக்கு என்ன வேலை?"

அன்று பின்னேரம், மறைப்பு ஒன்றும் இல்லாமல், ஸுல்பிகா றஸாக்குக்கு ஏழாவது கடிதத்தை எழுதினாள். முப்பத்தொரு பேர் உங்கள் கடிதங்களை வாசித்துவிட்டார்கள், பிழை என்னுடையது, இனி இதை நான் மட்டும்தான் திறக்கலாம் என்று எழுதி, கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

நோன்பு விடுமுறை விடும் நாளில் பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் மொய்த்து நின்றார்கள். ஸுல்பிகா இரண்டு தரம் வாசித்தாள், மூடினாள், கணினியை அணைத்தாள். முகத்தில் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

"மிஸ், என்னவாம்?"

"ஆருக்கு வந்த கடிதம்?"

"உங்களுக்கு."

"அப்ப சரி. போங்க, நோன்பு பிடிக்கிற வழியப் பாருங்க."

நோன்பு மாதம் முழுக்க அதே கதைதான். மிஸ் உதட்டைக் கடித்தா என்றாள் ஒருத்தி, கண் மினுங்கியது என்றாள் இன்னொருத்தி. பெருநாளும் போனது, நிக்காஹும் நடந்தது. எல்லோரும் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் சபையில் இருக்கிற புதுப்பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது?

பாடசாலை திறந்த திங்கட்கிழமை முப்பத்தொரு பேரும் கணினி அறை வாசலில் நின்றார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. முதல் மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை.

"முடிஞ்சி," என்றாள் முஸ்பிறா. "மாப்பிள்ள விடல்ல."

அப்போது மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். மருதோன்றிச் சிவப்புக் கையில் சாவியோடு ஸுல்பிகா மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"என்ன புள்ள எல்லாரும் மய்யத்து வீட்டில நிக்கிற மாதிரி? பஸ் பிந்திட்டு. விலகுங்க, பாடம் இரிக்கி."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கீழே இருந்து அதிபர் கத்தினார்: "என்ன சத்தம் அங்க?"

"ஒண்டுமில்ல சேர்!" என்று முப்பத்திரண்டு குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்ல, ஸுல்பிகா பூட்டைத் திறந்தாள்.