ஆறாம் மாதத்துக் கருவாடு

செல்லியம்மாள் சிங்கப்பூர் போனதைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாரும் கப்பல் ஏறிய கதையாகச் சொல்வதில்லை. கருவாடு சுமந்த கதை என்றுதான் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

அவள் புருஷன் துலுக்காணம் ஏரியில் வலை வீசியவன். மகள் ரத்னா வயிற்றில் இருந்தபோது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். குழந்தைக்கு ஆறு வயதான பிறகு, அறுபத்து நாலாம் வருஷம், ஒருவழியாக டிக்கெட் அனுப்பினான். செல்லியம்மாள் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் வந்து கொள்ளி வைத்தாள்.

"கால்சட்டை போட்டவனுக்குக் கருவாடு நாறும்மே. எடுத்துக்கினு போய் முன்னாடி வையி. மூக்கப் பொத்தினான்னா, அங்க ஒருத்திய வச்சிக்கினு கீறான்னு அர்த்தம்."

இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று செல்லியம்மாள் கேட்கவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆறு வருஷம் சும்மாவா? மடவைக் கருவாடும் காய்ந்த இறாலுமாக ஒரு மூட்டை கட்டினாள். அவன் மூக்கைப் பொத்தினால் அதே கப்பலில் திரும்பிவிடுவது என்று முடிவும் கட்டினாள்.

பொன்னேரியில் ரயில் ஏறியபோதே பெட்டியில் அவளைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது. கப்பலில் அப்படி நடக்கவில்லை. மேல்தளத்தில் பாயோடு பாயாகச் சனங்கள் படுத்திருந்தார்கள். இரண்டாம் நாளே ஒரு சிப்பந்தி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எவன் கருவாடு வச்சிருக்கான்? கண்ணுல பட்டுச்சு, கடல்லதான் போடுவேன்!"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. செல்லியம்மாள் மூட்டையைச் சேலைக்குள் வயிற்றில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே நாகப்பட்டினத்தில் ஏறிய பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எத்தனாவது மாசம்மா?"

திருதிருவென்று விழித்தவள், "ஆறு" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ராஜ உபசாரம்தான். எலுமிச்சை ஊறுகாய் வந்தது, சாய்ந்துகொள்ளத் தலையணை வந்தது. ரத்னா மட்டும் உண்மை விளம்பி. "எங்கம்மா வவுத்துல கருவாடு கீது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறக்கப் போகும் தம்பிக்கு அக்காள் இப்போதே பட்டப்பெயர் வைத்துவிட்டாள் என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிப்பந்தி அடிக்கடி வந்து மூக்கை உறிஞ்சினான். பிள்ளைத்தாய்ச்சியைச் சோதிக்க முடியாமல் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

சிங்கப்பூர் வருவதற்கு முன்னால் பினாங்கில் கப்பல் நின்றது. அங்கேதான் ஒரு ஆள் பாய்களைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ். முகத்தில் பாதியைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான். சிங்கப்பூரில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ரயில் பிடித்துப் பினாங்குக்கே வந்து டிக்கெட் வாங்கி ஏறிய துலுக்காணம்தான் அது.

நடையை வைத்தே செல்லியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்தவள், அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கனகாம்பாள் வாய் கருநாக்கு வாய்!

அவனும் நின்றுவிட்டான். அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல.

"இவங்கதான் வீட்டுக்காரரா?" என்றாள் ஒரு நாகப்பட்டினத்தம்மாள். "பாத்துக்குங்கய்யா. ஆறாம் மாசம்."

"இன்னாமே இது?" என்றான் துலுக்காணம்.

"இன்னாவா? நீ மொதல்ல மூக்குல கீற துணிய எடுய்யா! பொண்டாட்டி நாறுறாளா உனக்கு?" வந்த ஆத்திரத்தில் செல்லியம்மாள் சேலைக்குள் கையை விட்டு முடிச்சைப் பிடித்து இழுத்தாள். ஆறு மாதமும் அவிழ்ந்து பொத்தென்று தளத்தில் விழுந்தது. இறால் நாலா பக்கமும் சிதறியது. நாகப்பட்டினத்தம்மாள் "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் ரத்னா.

துலுக்காணம் கைக்குட்டையை எடுத்தான். வலது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"கடவாப்பல்லு, செல்லி. ரயில்ல வரச்சொல்லோ புடிச்சிக்கிச்சி. ஒரே பேஜாரு."

சொல்லிக்கொண்டே கால்சட்டையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தான். சிதறிய இறாலைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டு மென்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ரத்னா முதலில் அவன் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அவன் மடியில் ஏறிக்கொண்டாள்.

செல்லியம்மாள் அவன் எதிரே உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"வலிக்கலியாய்யா?"

"உயிர் போவுது" என்றான் அவன். "இன்னும் கொஞ்சம் குடு."